என் பேரில் விழுந்த வட்டி

என் பெயரில் இரண்டு வங்கிகளில் நிலையான வைப்பு இருந்தது. இரண்டும் என்னுடைய காசில்லை. ஒன்று கனடாவில் இருக்கும் அக்காவுடையது. மற்றது சுவிஸில் இருக்கும் அண்ணனுடையது. நான் அவர்களுக்குப் பிறகு பிறந்த கடைசி.

எனக்கு வேலை துறைமுகத்தில். கோதுமை ஏற்றிக்கொண்டோ சீமெந்துக்கான கல் ஏற்றிக்கொண்டோ கப்பல் வரும்போது மேலிருந்து மெல்லிய கயிறொன்றை எறிவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் பின்னால் ஆளின் கை மொத்தத்தில் வடம் வரும். வடத்தின் நுனியில் பெரிய வளையம் இருக்கும், அதைக் கண் என்போம். அந்தக் கண்ணைக் கரையில் நட்டிருக்கும் இரும்புக் கட்டையில் மாட்டிவிட வேண்டும். கப்பல் போகும்போது கழற்றிவிட வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக இதைத்தான் செய்கிறேன். ஒப்பந்தக்காரர் தரும் சம்பளம். கப்பலுக்கு நேரம் காலம் கிடையாது. வருகிறது என்பார்கள், போய் வெயிலில் குந்தியிருப்போம், வராது. வராது என்று சோற்றில் கைவைத்தால் வரும்.

இந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம், அதிகம் கதைக்கத் தேவையில்லை. கையைக் காட்டினால் போதும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆட்களுக்கு முன்னால் கதை வராது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது சண்டையால் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது என் வயதுப் பிள்ளைகளெல்லாம் மேல் வகுப்புக்குப் போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு போய் இருக்க வெட்கப்பட்டுப் பள்ளிக்கூடமே போகவில்லை. ஆகையால் தமிழ் வாசிப்பேன், மெதுவாக. கையெழுத்து வைப்பேன். படிவங்களில் வரும் கந்தோர்த் தமிழ் விளங்காது.

அந்த வெட்கம்தான் என்னைப் பணக்காரனாக்கியது.

முதலில் வந்தது அக்கா. உப்புவெளியில் அவவின் மாமி, அத்தானின் தாய், தனியாக இருந்தா. நடக்க ஏலாது. பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். ஒரு தொகையைப் போட்டுவிட்டால் மாதாமாதம் வரும் வட்டியிலேயே அந்தச் சம்பளத்தைக் கொடுத்துவிடலாம் என்பது அக்காவின் எண்ணம். ஓட்டோவில் என்னை நகரத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், குளிரூட்டிய வங்கிக்குள் இருத்தி, என் பெயரில் வைப்பைப் போட்டா. மாமியின் பெயரில் போடவில்லை. மாமியின் காதுக்குக் காசு என்று ஒன்று எட்டினால் அத்தானின் மற்றச் சகோதரங்கள் வந்து நிற்பார்களாம். வெளியே வந்து பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ரோல்ஸும் பால்தேநீரும் வாங்கித் தந்தா.

"பெரியதம்பிக்கு இதைச் சொல்லிப்போடாதை. தெரிஞ்சால் அடுத்த நாளே கடன் கேட்டு நிப்பான்" என்றா. அண்ணனைத்தான் அவ பெரியதம்பி என்பா.

ரோல்ஸ் வாய்க்குள் இருந்தது. தலையாட்டினேன்.

அடுத்த வருடம் அண்ணன் விடுமுறையில் வந்தான். அவனுக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு காணி வாங்கி இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட ஆசை. அதுவரைக்கும் காசு குட்டி போடட்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு வேறொரு வங்கிக்குப் போனான். வேலை முடிந்து அவன் என்னை இருத்தியதும் அதே தேநீர்க் கடையில்தான். அவன் கட்லட் வாங்கினான்.

"அக்காவுக்கு மூச்சு விடாதை. அவவுக்குச் சொன்னால் கனடா முழுக்கத் தெரியும். பிறகு ஆளாளுக்கு என்னட்டக் கை நீட்டுவாங்கள்" என்றான்.

அதற்கும் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? இரண்டு பேரும் எனக்கு நல்லது செய்தவர்கள்தான். என் வீட்டுக்குக் கூரை போட்டபோது அக்கா அனுப்பினா. மனைவிக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்தபோது அண்ணன் அனுப்பினான்.

மனைவிக்கு மட்டும் சொன்னேன். அவள் இடியப்பம் அவித்து உப்புவெளியிலுள்ள விடுதிகளுக்குக் கொடுப்பவள். உரலைத் திருகியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்ல ஆளாப் பார்த்துத்தான் பிடிச்சிருக்கினம். உண்டியலுக்காவது ஒரு வாய் இருக்கு" என்றாள்.

அக்காவின் வட்டி மாதாமாதம் என் புத்தகத்தில் விழும். விழுந்ததும் கைப்பேசியில் ஒரு சத்தம் வரும். அன்றைக்கே அக்காவும் எடுப்பா. "விழுந்ததா தம்பி?" "விழுந்தது அக்கா." "அந்தப் பிள்ளையிட்டக் குடுத்திட்டியா?" "பின்னேரம் குடுக்கிறன்." இவ்வளவுதான். நான் சைக்கிளில் போய் அந்தப் பெண்ணிடம் சம்பளத்தைக் கொடுப்பேன். மாமி படுத்திருந்தபடியே "ஆர் அது?" என்பா. "கடைசித் தம்பி" என்பேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "ஆர் அது?" என்பா. திரும்பி வருவேன். அண்ணனின் வட்டி வெளியே வருவதில்லை. முதலோடேயே சேரும். அவன் எப்போதாவதுதான் எடுப்பான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் வட்டிக்கு வரி வெட்டுவது கூடியது. முன்னர் நூற்றுக்கு ஐந்து வெட்டினார்கள். அதை அக்கா பெரிதாகக் கவனிக்கவில்லை. பிறகு அது பத்தானது. வங்கியே வெட்டிக்கொண்டு மிச்சத்தைத்தான் போடும். அந்த மாதம் விழுந்த காசு அந்தப் பெண்ணின் சம்பளத்துக்குப் போதாமல் போனது.

"ஏன் குறைவா இருக்கு?" என்று அக்கா கேட்டா.

"வரி வெட்டினமாம் அக்கா."

"அதுக்கு ஒரு போர்ம் இருக்காம். வருமானம் குறைஞ்ச ஆக்கள் அதை நிரப்பிக் குடுத்தால் வெட்ட மாட்டினமாம். இங்க என்னோட வேலை செய்யிற பிள்ளையின்ர தம்பி குடுத்திட்டானாம். நீயும் குடு."

"சரி அக்கா."

அடுத்த ஓய்வு நாளில் அக்காவின் வங்கிக்குப் போனேன். அங்கே போனால் நான் பின்னால் இருக்கும் கதிரையில்தான் இருப்பேன். என் இலக்கம் வந்தபிறகும் இரண்டு பேரை முன்னால் விட்டுவிட்டுத்தான் எழும்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை. நல்ல பிள்ளை, சிரித்த முகம். ஆனால் குரல் பெரிது.

"ஐயாட வருமானம் வருஷத்துக்கு வரி விலக்கு எல்லைக்குக் குறைவுதானே? அப்ப இதில சைன் வைச்சால் சரி. வரி இலக்கம் எடுத்திட்டீங்கள்தானே?"

வரி இலக்கம் எடுத்திருந்தேன். எல்லோரும் எடுக்க வேண்டும் என்று சொன்ன காலத்தில் தொலைத்தொடர்புக் கடையில் வரிசையில் நின்று எடுத்தது.

"வேற பேங்கில ஏதும் வைப்பு இருக்கா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அந்தக் கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். எனக்குக் காது சுட்டது. இருக்கு என்று சொன்னால் எங்கே, எவ்வளவு என்று கேட்பாள். இல்லை என்று சொன்னால் அந்தப் பொய்க்குக் கீழே என் கையெழுத்து விழும்.

"ஏன் பிள்ளை கேக்கிறீங்கள்?"

"எல்லாத்தையும் கூட்டித்தான் ஐயா பார்க்கோணும். சம்பளம், மற்ற பேங்க் வட்டி எல்லாம். மொத்தம் எல்லைக்கு மேல போனால் இந்தப் போர்ம் போட ஏலாது."

"நான் யோசிச்சு வாறன்" என்று சொல்லி, படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த கப்பலில் வடத்தோடு வந்த கடல்தண்ணீரில் அது கூழாகிவிட்டது.

நான் நேர்மையானவன் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. பயம்தான். துறைமுக வாசலில் ஒவ்வொரு நாளும் கையெழுத்து வைத்துத்தான் உள்ளே போகிறோம். எங்களோடு வேலை செய்த ஒருவர் வராத கூட்டாளிக்காகவும் சேர்த்துக் கையெழுத்து வைத்தார். இரண்டு பேரின் அனுமதி அட்டையும் போனது. அன்றிலிருந்து எனக்குக் கையெழுத்து என்றால் வடம் மாதிரி. இறுகினால் விரலைக் கொண்டுபோய்விடும்.

மனைவி ஒரு வழி சொன்னாள். "அக்கான்ர பேங்கில மட்டும் போர்மைப் போடுங்கோ. அண்ணன்ரைய வெட்டட்டும். அவருக்குத்தான் மாதாமாதம் தேவையில்லையே."

"அதில மொத்தம் எண்டு கேக்கினம்."

"அப்ப அக்காவுக்கு உண்மையைச் சொல்லுங்கோ. அண்ணன்ர காசும் கிடக்கு, அதாலதான் ஏலாது எண்டு."

"சொல்ல மாட்டன் எண்டு சொன்னனான்."

"எங்க சொன்னீங்கள்? தலைதானே ஆட்டினீங்கள்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் கைப்பேசியில் சத்தம் வந்ததும் அக்காவுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்குவேன். அக்கா எடுப்பா. போர்ம் குடுத்தியா? படிவம் முடிந்துவிட்டதாம் அக்கா. இந்த மாதம்? கப்பல் வந்துவிட்டது அக்கா, போக ஏலாமல் போச்சு. வங்கி அனுப்பும் செய்தியைப் படம் பிடித்து அனுப்பினேன், வரி என்று வெட்டியிருப்பது அதில் தெரியும். அக்கா பார்த்தா. "வெட்டினது தெரியுது தம்பி. போர்ம் குடுத்தால் வெட்டமாட்டினம் எண்டதைத்தான் நான் கேக்கிறன்." குறையும் காசை என் சம்பளத்தில் போட்டு அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு மாதம் செய்தும் பார்த்தேன். அந்த மாதம் எங்கள் வீட்டில் மீன் வாங்கவில்லை.

ஒருநாள் அக்கா குரலைத் தாழ்த்தி மிகவும் மரியாதையாகக் கதைத்தா.

"தம்பி, உனக்கு ஏதும் செலவு கிலவு வந்தால் என்னட்டக் கேள். கேட்டிட்டு எடு. நான் இல்லையெண்டு சொல்ல மாட்டன்தானே."

கேட்டுவிட்டு எடு. நான் கரையில் நின்றுகொண்டிருந்தேன். கப்பலிலிருந்து கயிறு எறிந்துவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் விழுந்த கயிறு வழுக்கித் தண்ணீருக்குள் போனது. மேலே நின்றவன் தன் பாசையில் ஏசினான். எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் சரிதான்.

அக்கா என்னைக் கள்ளன் என்று நினைக்கிறா என்று தெரிந்துவிட்டது. ஏசியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். மன்னித்துவிட்டது போலக் கதைத்தா.

அதே கிழமையில் அண்ணனும் எடுத்தான். நான் படம் பிடித்து அனுப்பிய வங்கித் துண்டில் கணக்கைப் பார்த்திருக்கிறான். "டேய், அந்த வரி எண்டுறது பேங்க்காரன் தன்ர பொக்கற்றுக்கு வெட்டுறது. ஒரு போர்ம் இருக்காம், போட்டு விடு."

"சரி அண்ணன்" என்றேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. சில நாட்களில் இரண்டு கப்பல்களின் வடம் ஒரே கட்டையில் விழும். புதிய ஆட்கள் முதல் வடத்துக்கு மேலேயே இரண்டாவது வடத்தைப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் கீழே இருக்கும் கப்பல் புறப்பட ஏலாது. மேலே இருப்பதைக் கழற்றினால்தான் கீழே இருப்பது வரும். ஆகையால் இரண்டாவது வடத்தின் கண்ணை, முதல் வடத்தின் கண்ணுக்குள்ளால் கீழேயிருந்து எடுத்துத்தான் கட்டையில் மாட்ட வேண்டும். அப்போது எந்தக் கப்பல் முதலில் போனாலும் மற்றதை அசைக்காமல் விடலாம். இதை நான் இருட்டிலும் செய்வேன். ஆனால் சொந்தச் சகோதரங்கள் இரண்டு பேரின் காசை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

இனி ஏலாது என்று ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இறைவரிக் கந்தோருக்குப் போனேன். போகும்போது இரண்டு தரம் சைக்கிளைத் திருப்பினேன். மூன்றாவது தரம் வாசலில் நின்ற காவலாளி "ஐயா ஆரைப் பார்க்கிறீங்கள்?" என்று கேட்டுவிட்டதால் உள்ளே போக வேண்டியதாயிற்று.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் கிண்ணியாப் பக்கத்து அம்மா ஒருவர், தலையில் முக்காடு. மேசையில் கோப்புகளுக்கு நடுவே சாப்பாட்டுப் பெட்டி திறந்தபடி இருந்தது. என்னைக் கண்டதும் மூடி வைத்தார்.

"இருங்க. என்ன விஷயம்?"

நான் வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வசனம்: "அம்மா, கூட வருமானம் இருக்கிற ஆக்கள் வட்டிக்கும் கணக்குக் குடுக்கோணுமா, இல்லாட்டி பேங்க் வெட்டினதோட சரியா?"

"யாருக்கு? உங்களுக்கா, முதலாளிக்கா?"

"எனக்கு."

அவர் என் கைகளைப் பார்த்தார். வடம் பிடித்த கை, மறைக்க ஏலாது. சிரிக்கவில்லை. இரண்டு வங்கிகளின் துண்டுகளையும் வாங்கி, கணிப்பானில் தட்டினார். என் சம்பளத்தையும் கேட்டுச் சேர்த்தார்.

"தனித்தனியாப் பார்த்தா ஒண்டுமில்ல அண்ணன். கூட்டிப் பார்த்தா நீங்க எல்லைக்கு மேல போயிட்டீங்க. கட்டாயம் வருமான விவரத்திரட்டுக் குடுக்கணும். பேங்க் வெட்டினதோட முடிஞ்சுதெண்டுதான் நிறையப் பேர் நினைக்கிறாங்க. வெட்டினது முற்பணம் மாதிரி. வருஷக் கடைசியில முழுக் கணக்கையும் நீங்கதான் காட்டணும். படிச்ச ஆக்களே வந்து என்னோட சண்டை பிடிக்கிறாங்க."

"காசு என்ர இல்லை அம்மா."

"யார்ட?"

சொல்லக் கூடாதென்று இரண்டு பேரும் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் துண்டுகளை மறுபடி புரட்டினார்.

"வெளிநாட்டு ஆக்களா? விளங்குது. இந்த மேசைக்கு முன்னால உங்களப் போல எத்தின பேர் இருந்திருக்காங்க. அவங்கட காசெண்டா அவங்கட பேர்ல இருக்கணும். உங்கட பேர்ல இருந்தா நாங்க உங்களத்தான் கேப்பம். அவங்களுக்கு அங்க குளிர், உங்களுக்கு இங்க காய்ச்சல்."

எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தரம் கேட்டேன்.

"கட்டுறதா?" என்று மறுபடி தட்டினார். "உங்களுக்கு எல்லைக்கு மேல வந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கு வரி விகிதமும் குறைவு. பேங்க் ரெண்டும் முழு வட்டியிலயும் பத்து வெட்டியிருக்கு. அப்ப உங்களுக்குத்தான் திரும்ப வரணும்."

"எனக்கா?"

"ஓம். ஆனா விவரத்திரட்டுக் குடுத்தாத்தான். ரெண்டு பேங்கிலயும் வரி வெட்டினதுக்கு அத்தாட்சி வாங்கிட்டு வாங்க. கார்த்திகை முடியிறதுக்குள்ள வாங்க."

"எப்ப கிடைக்கும்?"

அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்."

வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குற்றவாளியாகப் போய் உள்ளே இருந்தவனுக்குக் காசு திரும்ப வரும் என்கிறார்கள். சந்தோசப்பட வேண்டும். ஆனால் அது ஒரே தொகையாக என் பெயருக்குத்தான் வரும். எது அக்காவுக்கு, எது அண்ணனுக்கு? இவ்வளவு வந்தது, இது உங்கள் பங்கு என்று அக்காவுக்குச் சொன்னால், மிச்சம் எவருக்கு என்று கேட்பா. கேட்டுவிட்டு எடு என்று சொன்ன வாய் அது. சொல்லாமல் வைத்திருந்தால் அவ நினைத்தது சரியாகிவிடும்.

அன்று பின்னேரம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இடியப்பத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"போனைத் தாங்கோ."

"என்ன செய்யப் போறாய்?"

"ரெண்டு பேரையும் ஒரே வீடியோ கோலில எடுக்கப் போறன். நீங்கள் கதைக்கத் தேவையில்லை. பக்கத்தில இருங்கோ, அதுவே காணும்."

கனடாவில் விடிந்துகொண்டிருந்தது, சுவிஸில் மத்தியானம். முதலில் அக்காவின் முகம் வந்தது, தலை சீவாத முகம். பிறகு பக்கத்தில் அண்ணனின் முகம், ஏதோ வேலைத்தளத்தில் தொப்பியோடு. மூன்றாவது சதுரத்தில் நாங்கள் இரண்டு பேரும். என் பாதி முகம்தான் தெரிந்தது. அதுவே போதும் என்று இருந்தேன்.

"என்ன, ஆருக்கும் ஏதுமா?" என்று அக்கா பதறினா.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை மச்சாள். இவர் ஒரு விசயம் சொல்லோணுமாம்" என்று மனைவி சொல்லிவிட்டுக் கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள். கதைக்கத் தேவையில்லை என்றவள்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. "அக்கா, உங்கட காசும் என்ர பேரில கிடக்கு. அண்ணன்ர காசும் கிடக்கு. ரெண்டையும் கூட்டித்தான் பாப்பினமாம். அதாலதான் போர்மில கையெழுத்து வைக்க ஏலாமல் போச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிறகு எனக்கு மூச்சு வாங்கியது.

அக்கா கைப்பேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தா.

"நீயும் இவனிட்டயா குடுத்தனி?" என்று அக்கா அண்ணனைக் கேட்டா.

"நீங்கள் எப்ப குடுத்தனீங்கள்?"

"நான் உனக்கு முந்தியே குடுத்திட்டன்."

"ஓ! போன வருஷம் நான் கேட்டபோது கையில ஒரு சதமும் இல்லையெண்டு அழுதீங்களே!"

"அது மாமியின்ர செலவுக்கு வைச்சது. நீ கேட்டது பழைய கார் வாங்க."

"அதுக்காக ஒளிக்கிறதே?"

"நீ மட்டும் வெளிச்சம் போட்டுக் காட்டினியோ? காணி வாங்கப் போறாய் எண்டு எனக்கு ஒரு சொல் சொன்னனியா?"

"சொன்னால் நீங்கள் சேர்ச் பூசையில அறிவித்தல் மாதிரி வாசிப்பீங்கள்!"

அண்ணனுக்கு அந்தச் சொல் வாயைவிட்டுப் போனதும் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தங்களுக்குள் பழைய கணக்குகளைப் பிடித்தார்கள். நான் பக்கத்தில் இல்லாதது போல. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. பாரம் என் கையைவிட்டு அவர்கள் கைக்குப் போனது போலிருந்தது. கடைசியில் அக்கா என் சதுரத்தைப் பார்த்தா.

"அப்ப நீ அந்தப் போர்மைப் போடாதது இதாலயா?"

"ஓம் அக்கா."

"இவ்வளவு நாளும்?"

"ஓம்."

"கப்பல் வந்தது, போர்ம் முடிஞ்சுது எண்டதெல்லாம்?"

"சொல்ல வேண்டாம் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். அண்ணனும் சொன்னவர்."

அக்கா கண்ணாடியைக் கழற்றி நைட்டியில் துடைத்தா. துடைத்துக்கொண்டேயிருந்தா. அவ கேட்டுவிட்டு எடு என்று சொன்னது அவவுக்கு நினைவு வந்திருக்கும்.

"மனிசியிட்டப் போனைக் குடு" என்றா.

அண்ணன் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான். மனைவி கைப்பேசியைக் குசினிக்குள் கொண்டுபோனாள். வெகுநேரம் கதைத்தார்கள். வெளியே வந்தபோது என்ன கதை என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. நீங்கள் மெலிஞ்சுபோனீங்களாம். சாப்பாடு ஒழுங்காக் குடுக்கிறனோ எண்டு கேக்கிறா. இவ்வளவு நாளும் உங்களை மெலிய வைச்சது ஆரெண்டு நான் சொல்லேல்ல" என்றாள்.

கார்த்திகைக்குள் விவரத்திரட்டைக் கொடுத்தோம். தொலைத்தொடர்புக் கடையில் ஒரு பிள்ளை கணினியில் நிரப்பித் தந்தது. இரண்டு வங்கிகளிலும் அத்தாட்சி வாங்க நான்தான் போனேன். பெரிய குரல் உள்ள அந்தப் பிள்ளை என்னை அடையாளம் கண்டு, "யோசிச்சு முடிஞ்சுதா ஐயா?" என்று கேட்டது. கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவ்வளவாகக் காது சுடவில்லை. கணினியில் என் தொழில் என்ன என்று கேட்கும் இடத்தில் என்ன போடுவது என்று கடைப் பிள்ளைக்குத் தெரியவில்லை. "கூலி எண்டு போடுங்கோ" என்றேன். "இவ்வளவு வட்டியோட கூலியா அங்கிள்?" என்று சிரித்தது. போட்டது.

வைப்பு முதிர்ந்தவுடன் அக்கா என்னைக் கொண்டு தன் காசை மாமியின் பெயருக்கே மாற்றுவித்தா. மற்றச் சகோதரங்கள் வந்து நிற்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாவாம். ஆரம்பத்திலேயே அங்கேதான் போயிருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் சம்பளத்தை இப்போது அத்தானின் ஆட்களே எடுத்துக் கொடுக்கிறார்கள். நான் உப்புவெளிக்குப் போகத் தேவையில்லை. அண்ணனின் காசு இன்னும் என் பெயரில்தான். அது மட்டும் என்றால் நான் எல்லைக்குக் கீழே. ஆகையால் இந்த வருடம் அவன் வங்கியில் அந்தப் படிவத்தில் பயமில்லாமல் கையெழுத்து வைத்தேன். திரும்ப வர வேண்டிய பழைய காசு இன்னும் வரவில்லை. வந்தால் இரண்டாகப் பிரிப்பது எப்படி என்று அக்காவும் அண்ணனும் கைப்பேசியில் இப்போதே சண்டை பிடிக்கிறார்களாம். எனக்கு அதில் பங்கில்லை என்பது பெரிய சுகம்.

மாத வட்டி விழும் நாள் வந்தது. கைப்பேசியில் வங்கிச் சத்தம் வரவில்லை. வராது என்று தெரியும். ஆனாலும் கரையில் கப்பலுக்காகக் குந்தியிருந்தபோது கை இரண்டு தரம் சட்டைப் பைக்குப் போனது. விழுந்ததா, விழுந்தது, குடுத்தியா, குடுக்கிறன். அந்தக் கதை மட்டும்தான் எனக்கும் அக்காவுக்கும் இருந்தது என்று அப்போதுதான் யோசித்தேன். அது இல்லையென்றால் அவ எதற்கு எடுப்பா?

வெயில் சாயும்போது மணி அடித்தது. அக்கா.

"தம்பி."

"ஓம் அக்கா."

"ஒண்டுமில்லை. சும்மாதான் எடுத்தனான்."

"ம்."

அந்தப் பக்கம் தேநீர்க் கேத்தில் கொதிக்கும் சத்தம். இந்தப் பக்கம் கப்பலின் இயந்திரம்.

"என்ன சத்தம் அது?" என்று கேட்டா.

"கப்பல் வருது அக்கா. கோதுமைக் கப்பல்."

"பெரிசா?"

இருபது வருடத்தில் அக்கா என் வேலையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தரம். "பெரிசுதான்" என்றேன். வேறு என்ன சொல்லலாம் என்று தேடினேன். "தண்ணிக்குள்ள நல்லாத் தாழ்ந்து வருது. பாரம் கூட" என்றேன்.

"ஓ" என்றா.

மேலிருந்து ஒருவன் கயிறு எறிய ஆயத்தமாகக் கையைத் தூக்கினான்.

"வைக்கிறன் அக்கா, கயிறு போடப் போறாங்கள்."

"சரி, சரி, நீ பார். கவனம் தம்பி" என்றா. ஆனால் வைக்கவில்லை. நானும் வைக்காமல் கைப்பேசியை அப்படியே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன்.